நாலு ஜீபீக்குள் ஒரு வீடு

கணினிப் பெட்டியின் முகப்பில் அரிசி அளவில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் அது விட்டு விட்டு மினுங்கும். நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், என் அக்கா வீட்டு இஸ்தோப்பை மறைத்துக் கட்டிய சின்ன அறையில் இருக்கும் கணினியில் அன்று அந்த விளக்கு மினுங்கவில்லை. விடாமல் எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து, அம்மியில் காய்ந்த மிளகாயை வைத்து இழுப்பது போல ஒரு கரகரப்பு. உயர்தரம் படிக்கும் மருமகள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"க்ளிக் பண்ணக் கூடாது மாமா. பண்ணினா இன்னும் சிக்கிக்கும். பேசாம இருந்தா ரெண்டு நிமிசத்துல வந்துரும்."

படிக்க உட்கார்ந்த பிள்ளை, படிப்பதற்காக இப்படிக் காத்திருக்கப் பழகிவிட்டாளே என்று எனக்கு மனம் கனத்துப் போனது. அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து வாசல்படியில் நின்றார்.

"ஆறு மாசத்துல மூணு தடவ டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன் தம்பி. ஒவ்வொரு தடவையும் வைரஸ்னு சொல்லி போர்மட் பண்ணிக் குடுக்குறாங்க. ஒரு கெழம நல்லா ஓடும். பொறகு இதே கததான். வித்துப்புடலாமா?"

சீட்டு எடுத்த காசில் வாங்கிய, யாரோ பாவித்த கணினி அது. ஐ3 புரோசசர், 4 ஜீபீ ரெம், 500 ஜீபீ ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. நான் கீபோர்டில் ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினேன். குரோம் பிரவுசர் தன் உள்கணக்கைக் காட்டும் பட்டியல் அப்படித்தான் திறக்கும். மருமகள் திறந்து வைத்திருந்தது ஆறே ஆறு டெப். ஒரு யூடியூப் பாடம், கடந்தகால வினாத்தாள் இரண்டு, வட்ஸ்அப், கூகுள் டிரைவ், அவளுடைய அண்ணன் காலையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் திறந்து மூடாமல் விட்டுப்போன ஒரு செய்திப் பக்கம். பட்டியலிலோ பத்துப் பதினைந்து வரிகள். அந்தச் செய்திப் பக்கம் ஒன்றே பாடத்தைவிட அதிக இடத்தைப் பிடித்திருந்தது. யாரும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்ட மூன்று எக்ஸ்டென்ஷன்கள் வேறு. மொத்தத்தில் பிரவுசருக்கு 2 ஜீபீக்குக் கொஞ்சம் குறைவு. விண்டோஸுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. நாலில் மிச்சம் ஒன்றுமில்லை.

அந்தக் கணினியில் வைரஸும் இல்லை, பழுதும் இல்லை. தாங்கக்கூடியதற்கு மேல் அதன் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி-எல, வெலிமடை என்று இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போகும்போதெல்லாம், 'ஸ்லோ' என்று ஓரமாக ஒதுக்கி, மேலே சாமிப் படமும் பூச்சாடியும் வைத்துவிட்ட கணினிகளைப் பார்க்கிறேன். நான் திறந்து பார்த்தவற்றில் பலவற்றின் கதை இதேதான்.

வாட்டும் தட்டில் இடமில்லை

தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு முறையாவது போனவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று பிடிபடும். பறித்த பச்சைக் கொழுந்து நேராக உருட்டும் இயந்திரத்துக்குப் போவதில்லை. முதலில் நீளமான தட்டுகளில் பரப்பி வாட்ட வேண்டும். உருட்டும் இயந்திரம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், வாட்டும் தட்டில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் தொழிற்சாலையின் உண்மையான கொள்ளளவு. கொழுந்து குமியும் மாதங்களில் தட்டு நிறைந்துவிட்டால் மீதி சாக்கிலேயே கிடந்து சூடேறும்.

கணினியில் புரோசசர் உருட்டும் இயந்திரம் என்றால் ரெம் என்கிற நினைவகம் வாட்டும் தட்டு. இப்போது கைவைக்க வேண்டியவை எல்லாம் அதில்தான் பரப்பிக் கிடக்க வேண்டும். தட்டு நிறைந்த பிறகும் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ் என்ன செய்யும்? கொஞ்ச நேரமாகத் தொடாமல் கிடப்பதை அள்ளிக் கொண்டுபோய் ஹார்ட் டிஸ்க்கில் போடும். நீங்கள் பழைய டெப்பைத் தொட்டவுடன் அதைத் திரும்பக் கொண்டுவர, வேறொன்றை அள்ளிக் கொண்டுபோகும். அந்தச் சிவப்பு விளக்கு நின்று எரிவது இந்தப் போக்குவரத்தால்தான்.

இந்தப் பயணத்தின் தூரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக் கணினிகளில் வரும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 120. அதன் ஊசி சரியான இடத்துக்கு நகர்ந்து, வேண்டிய துண்டு சுற்றி வந்து சேர ஏறத்தாழ ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு போய்விடும். ரெம்மில் இருப்பதை எடுக்க ஆகும் நேரம் அதில் லட்சத்தில் ஒரு பங்கு. கையெட்டும் தூரத்திலுள்ள உப்புச் சிரட்டையை எடுக்க ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்க்குக்குப் போய் எடுத்து வருவது ஒரு நாளுக்கும் மேலே நடப்பது போல. மருமகள் காத்திருந்த இரண்டு நிமிடமும் இப்படியான ஆயிரக்கணக்கான நடைகள்.

போர்மட் செய்தால் ஒரு கிழமை நன்றாக ஓடுவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. புதிதாக நிறுவிய விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் இல்லை, கணினியைப் போட்டவுடன் தானாக எழும்பும் செயலிகள் இல்லை, திறந்து கிடக்கும் டெப் இல்லை. தட்டு காலி. ஒரு கிழமையில் எல்லாம் திரும்பி வந்துவிடும், காசு கொடுத்ததுதான் மிச்சம். இதற்கிடையில் பிள்ளை சேர்த்து வைத்த குறிப்புகள் அழிந்து போயிருக்கும். அக்கா வீட்டில் இரண்டாம் தடவை போர்மட் செய்தபோது ஒரு தவணைக்குரிய இரசாயனவியல் குறிப்புகள் போயின. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரவுசர் அதிக நினைவகத்தை எடுப்பது அதனளவில் குற்றமல்ல. 16 ஜீபீ உள்ள கணினியில் அது இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளும், பக்கங்கள் சட்டென்று திறக்கும். சும்மா கிடக்கும் நினைவகத்தால் யாருக்கும் பயனில்லை. சிக்கல் போதாமல் போகும்போதுதான். 'ரெம் கிளீனர்' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகளை இறக்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவை பெரும்பாலும் நினைவகத்தில் இருப்பதை வலுக்கட்டாயமாக ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, 'இத்தனை எம்பீ விடுவித்தோம்' என்று காட்டும். அடுத்த நிமிடம் அதே சிவப்பு விளக்கு.

பிரவுசர் ஏன் இவ்வளவு சாப்பிடுகிறது

2008 செப்டம்பர் 2இல் கூகுள் நிறுவனம் குரோமை வெளியிட்டது. அதுவரை இருந்த பிரவுசர்களில் பெரும்பாலும் எல்லாப் பக்கங்களும் ஒரே அடுப்பில் வேகும். ஒரு பக்கம் பழுதானால் மொத்த பிரவுசரும் விழும், பாதி எழுதிய மின்னஞ்சலும் போய்விடும். குரோம் ஒவ்வொரு டெப்புக்கும் தனித்தனி அடுப்பு மூட்டியது. ஒன்று அணைந்தால் மற்றது எரியும். தனித்தனி அடுப்பென்றால் தனித்தனி விறகு வேண்டும், அந்த விறகுதான் ரெம்.

2018 ஜனவரியில் இன்னொரு திருப்பம் வந்தது. புரோசசர்களின் அடிப்படை அமைப்பிலேயே ஸ்பெக்டர் என்ற ஓட்டை இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு கெட்ட பக்கம், அதே அறையில் இருக்கும் உங்கள் வங்கிப் பக்கத்தின் இரகசியத்தை எட்டிப் பார்க்கலாம் என்ற நிலை. அதே ஆண்டில் வந்த குரோம் 67ஆம் பதிப்பு, ஒவ்வொரு தளத்தையும், ஒரே பக்கத்துக்குள் வெளியிலிருந்து வந்து உட்காரும் விளம்பரத்தையும்கூட, தனித்தனி அறையில் பூட்டத் தொடங்கியது. இதற்காக நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுள் அப்போதே சொன்னது. மருமகளின் ஆறு டெப் பட்டியலில் பத்துப் பதினைந்து வரிகளாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்புக்காகக் கொடுக்கும் இந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன். மத்திய கிழக்கிலிருந்து பிள்ளை அனுப்பிய காசை ஒன்லைனில் பார்க்கும் தோட்டத்துத் தாய்க்கும் அந்தப் பூட்டு வேண்டும். என்னை உறுத்துவது வேறு. 2019இல் இதே காவலைக் கைபேசிக் குரோமுக்குக் கொண்டுவந்தபோது, குறைந்தது 2 ஜீபீ ரெம் உள்ள போன்களுக்குத்தான் கொடுத்தார்கள். அதற்குக் குறைந்த போன் வைத்திருந்தவருக்கு அந்தப் பூட்டு கிடையாது. காசு குறைந்தவனின் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதற்கு இது ஒப்பு. நினைவகம் என்பது வேகத்தோடு மட்டும் முடிகிற விஷயமல்ல என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

பிரவுசர் ஒரு பக்கம் இருக்க, பக்கங்களே ஊதிவிட்டன. உலகத்து இணையத் தளங்களை ஒழுங்காக எடைபோட்டு வரும் எச்டிடிபி ஆர்க்கைவ் திட்டத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில், வரிசையின் நடுவில் நிற்கும் ஒரு முகப்புப் பக்கம் கணினியில் சுமார் 2.6 மெகாபைட். பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். இது கம்பியில் இறங்கும் அளவு மட்டுமே. இறங்கிய பின் நினைவகத்தில் விரியும்போது இன்னும் பெருக்கும்.

எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த விரிவு மிகக் கடுமையானது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2,480 புள்ளி, நீளத்தில் 3,508 புள்ளி. மொத்தம் 87 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால், அந்த ஒரு பக்கத்தை முழு அளவில் விரித்துக் காட்ட நினைவகத்தில் சுமார் 35 மெகாபைட் வேண்டும். அதே பக்கத்தில் இருக்கும் தமிழ் வாசகத்தை யூனிகோடில் எழுத்தாகவே வைத்தால்? ஒரு பக்கத்துக்கு 2,000 குறிகள், குறிக்கு 3 பைட், ஆக 6 கிலோபைட். 35 மெகாபைட் எங்கே, 6 கிலோபைட் எங்கே!

தமிழ் மொழிமூல வினாத்தாள்களும் குறிப்புகளும் கையேடுகளும் இன்றைக்கும் பெருமளவு படங்களாகவே சுற்றுகின்றன. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததை அப்படியே இணையத்தில் போட்டால் ஆங்கில எழுத்துகளின் குழப்பமாகத் தெரியும். ஆகவே அச்செடுத்து, ஸ்கேன் பண்ணி, படமாக ஏற்றும் பழக்கம் வந்தது. கரும்பலகையைக் கைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவது அதற்கு அடுத்த பழக்கம். ஆசிரியர்கள் நல்ல மனதோடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை அது. ஆனால் அந்தப் படங்களில் பத்தைத் திறந்தால் 4 ஜீபீ கணினி திணறும். யூனிகோட் பற்றிப் பேசும்போது மொழிப்பற்றை மட்டுமே பேசுகிறோம். நமுனுகுலவில் ஒரு பிள்ளையின் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணைவதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

மரத்தின் மேல் ஒரு வகுப்பறை

பதுளை இருக்கும் இந்த ஊவா மாகாணத்து வீடுகளுக்குள் கணினி எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையில் சில காலம் திறந்தும் மூடியும் 2021 வரை இழுபட்டது. 2021 ஓகஸ்ட்டில் லுணுகலைப் பக்கத்திலிருந்து உலகச் செய்தி நிறுவனங்கள் ஒரு காட்சியை வெளியிட்டன. வன ஒதுக்கத்துக்குள் மலையுச்சியில், சுமார் 30 அடி உயரத்தில் ஒரு மரவீடு. பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கூடவே போக, பிள்ளைகள் அதில் ஏறி, சிக்னல் பிடித்து, முறை வைத்துப் பாடங்களை இறக்கி வீட்டுவேலைகளை ஏற்றினார்கள். போஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஓர் ஆசிரியையும் மாணவர்களும் காட்டு வழியே நடந்து மலையிலுள்ள பாறைக்குப் போனார்கள். நாட்டின் 43 லட்சம் மாணவர்களில் ஒன்லைன் வகுப்பில் சேர முடிந்தவர்கள் அதிகம் போனால் 40 சதவீதம் என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது சொன்னது.

அந்தக் காட்சி உலகத்தை உலுக்கியது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. பெற்றோர் கடன்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்ததே அந்த 2021இல்தான். அந்தச் சம்பளத்தில் புதுக் கணினியை நினைத்துப் பார்க்க முடியாது. கொழும்பில் அலுவலகங்கள் கழித்துவிட்ட, வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் வந்து இறங்கிய, பாவித்த கணினிகளைத்தான் வாங்கினார்கள். அவற்றில் பல 2 ஜீபீ, 4 ஜீபீ.

அடுத்து வந்தது 2022. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாய். கணினி உதிரிப்பாகம் எல்லாமே டொலரில் வருவது. சின்ன ரெம் துண்டு ஒன்றைக் கூட்டிப் போடலாம் என்று எண்ணியிருந்தவர்களின் எண்ணம் அத்தோடு நின்றது. டேட்டாவைச் சுருக்கிக் கொடுத்துவந்த லைட் மோட் என்ற வசதியைக் கைபேசிக் குரோமிலிருந்து கூகுள் எடுத்துவிட்டதும் அதே மார்ச் மாதத்தில்தான். உலகத்தில் டேட்டா மலிந்துவிட்டது, இனித் தேவையில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பதுளையில் அன்றைக்கு ரீலோட் போடக் காசில்லாதவர்களை அந்தக் கணக்கில் யார் சேர்த்தார்கள்?

இன்றைக்குக் கவரேஜ் முன்னைவிடப் பரவாயில்லை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம்கூட இலங்கையில் தொடங்கிவிட்டது. மலையுச்சிக்கு ஏறிப் பிடித்த சிக்னல் லயத்து வாசலுக்கு வந்திருக்கிறது. வாசலுக்கு வந்ததை வீட்டுக்குள் எடுக்க அந்தப் பெட்டியில் இடம்தான் இல்லை. இந்த நேரத்தில் 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜீபீ ரெம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் புரோசசர் வேண்டும். அக்காவின் ஐ3 இரண்டாம் தலைமுறை. கணினி உயிரோடிருக்கிறது, கணக்கிலிருந்து மட்டும் நீக்கப்பட்டுவிட்டது.

செலவில்லாமல் செய்யக்கூடியது

முதலில் காசில்லாமல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மேலே சொன்னபடி ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தி, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வர வேண்டும். மைக்ரோசொப்ட்டின் எட்ஜ் பிரவுசரிலும் இது வேலை செய்யும். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி வைக்காமல் அடியோடு நீக்குங்கள். பிடிஎப் மாற்றி, வோல்பேப்பர், கூப்பன் என்று வருபவை பெரும்பாலும் வேண்டாதவை. விளம்பரத் தடுப்பான் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது தானும் கொஞ்சம் இடம் எடுக்கும், ஆனால் விளம்பரம் நிறைந்த பக்கங்களில் அதைவிடப் பல மடங்கு மிச்சப்படுத்தும், டேட்டாவும் மிஞ்சும்.

டெப்களைத் தூங்க வைக்கும் வசதி மூன்று பெரிய பிரவுசர்களிலும் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இல்லை. டேட்டா கார்ட் போட்டுப் படிக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் முக்கியம். குரோமில் 2022 இறுதியில் வந்த மெமரி சேவர், தொடாத டெப்பை நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். நினைவகம் நன்றாக மிஞ்சும், 30 சதவீதம் வரை என்று கூகுள் சொல்கிறது. ஆனால் திரும்பப் போய்த் தொட்டால் அந்தப் பக்கம் மறுபடி இணையத்திலிருந்து இறங்கும். அதாவது ரெம்மில் மிச்சம் பிடித்ததை டேட்டாவில் கட்டுகிறோம். எட்ஜில் 2021 ஜனவரியில் 88ஆம் பதிப்போடு வந்த தூங்கும் டெப் வசதி, பக்கத்தை முதலில் உறைய வைக்கிறது, தொட்டவுடன் விட்ட இடத்திலிருந்து எழும்பும். சராசரியாக 32 சதவீதம் நினைவகம் மிஞ்சுவதாக மைக்ரோசொப்ட்டின் கணக்கு. பயர்பொக்ஸ் 2021 அக்டோபர் முதல், விண்டோஸில் நினைவகம் உண்மையிலேயே தீரும் கட்டத்தில் மட்டும் டெப்பை இறக்கி வைக்கிறது. எங்கள் பக்கத்து நிலைமைக்கு, டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் எட்ஜும் பயர்பொக்ஸும் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். குரோம்தான் பழக்கம் என்றால் பாடம் நடக்கும் தளத்தை மெமரி சேவரின் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

பிரவுசர் செய்கிறவர்கள் மனம் வைத்தால் குறைக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2011இல் பயர்பொக்ஸ் நினைவகத்தை விழுங்குவதாகக் கெட்ட பேர் வாங்கியிருந்தது. நிக்கலஸ் நெதர்கோட் என்ற பொறியியலாளர் தலைமையில் மெம்ஷ்ரிங்க் என்று ஒரு முயற்சி தொடங்கி, ஒவ்வொரு கசிவாகத் தேடி அடைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஏழாம் பதிப்பு முன்னையதைவிட 20 முதல் 30 சதவீதம் குறைவாக எடுத்தது. இதற்கென்று புதிதாக எந்த இயந்திரமும் கண்டுபிடிக்கப்படவில்லை. உட்கார்ந்து அளந்தார்கள், அளந்ததைக் குறைத்தார்கள்.

காசு செலவழிக்க முடிந்தால் முதல் காசு ரெம்முக்கு. பிரவுசருக்கு என்று பார்த்தால் 4 ஜீபீயை 8 ஆக்குவது போல் பலன் தருவது வேறில்லை. வாங்கும்முன் பெட்டியைத் திறந்து டீடீஆர்2வா டீடீஆர்3யா என்று பார்க்க வேண்டும், ஒன்றின் வெட்டு மற்றதில் பொருந்தாது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜீபீக்கு மேல் போட்டும் பயனில்லை, முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும். அடுத்த காசு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டிக்கு. சுற்றும் தட்டும் ஊசியும் இல்லாததால் அது ஹார்ட் டிஸ்க்கைவிட நூறு மடங்கு வேகமாகத் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும், நினைவகம் நிறைந்தாலும் வலி தெரியாது. இரண்டுக்கும் வழியில்லாத, 2 ஜீபீயோடு நிற்கும் பழைய கணினிக்கு லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் ஒன்று நல்ல வழி. இலவசம், பாதுகாப்புப் புதுப்பிப்பும் வரும். விண்டோஸ் 7இலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குரோம் உங்களுக்கு 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

இதெல்லாம் வீட்டுக்காரர் செய்யக்கூடியது. ஆனால் முழுச் சுமையையும் கொழுந்து பறிக்கும் தாயின் தலையில் கட்டுவதை நான் ஒப்ப மாட்டேன். இந்த நாட்டின் கல்வித் தளங்களையும், பரீட்சைப் பெறுபேற்றுப் பக்கங்களையும், பல்கலைக்கழக விண்ணப்பங்களையும் கட்டுகிறவர்கள் தங்கள் மேசையில் இருக்கும் 16 ஜீபீ மடிக்கணினியில் பார்த்துவிட்டு 'ஓடுகிறது' என்கிறார்கள். 4 ஜீபீ ரெம்மும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு பழைய பெட்டியை அதே அலுவலகத்தின் மூலையில் வைத்து, அதில் ஓடாத எதையும் வெளியிடுவதில்லை என்று ஏன் முடிவெடுக்கக் கூடாது? ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெறுமதியான செய்முறை வேலை எது?

பரீட்சையோடு போகிற விஷயமும் இல்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் எங்கும் மண் சரிந்தது. மண்சரிவு எச்சரிக்கைகள் இன்று இணையத்திலும் வெளியாகின்றன. 'இந்தப் பிரிவில் உள்ளவர்கள் உடனே வெளியேறவும்' என்ற வரி, தமிழில், வெறும் எழுத்தாக, ஓடும் படமும் விளம்பரமும் இல்லாமல் எந்தப் பழைய கருவியிலும் ஒரு வினாடியில் திறக்க வேண்டும். அந்த வரிக்கு 500 பைட்கூட வேண்டியதில்லை.

அக்காவின் கணினியைப் பதுளை டவுனில் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்த பையன் போர்மட் என்று வாயெடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, பிரஷால் தூசியைத் தட்டி, பழைய ரெம் துண்டைக் கழற்றினான். அதன் பொன்னிறப் பல்வரிசை மலையின் ஈரத்தில் மங்கிப் போயிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்றை எடுத்து அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்தான். மங்கல் போய் மின்னியது. பக்கத்தில் பாவித்த இன்னொரு 4 ஜீபீ துண்டை வைத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்த, இரு பக்கப் பூட்டும் 'டிக்' என்று விழுந்தன. அக்காவுக்கு மூன்று நாள் சம்பளத்துக்குச் சமமான காசு. அரை மணித்தியால வேலை.

அன்று மாலை மருமகள் அதே ஆறு டெப்பையும் திறந்தாள். ஏழாவதாக ஒரு மாதிரி வினாத்தாள். சிவப்பு விளக்கு இரண்டு தரம் மினுங்கி அணைந்தது. அவள் பழக்க தோஷத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துக் காத்திருந்தாள். காத்திருக்கத் தேவையில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பொழுது சாய்ந்த பிறகு அடுத்த காம்பராவிலிருந்து ஒரு பையன் வந்தான். தோளில் உரச்சாக்கில் சுற்றிய கணினிப் பெட்டி.

"மாமா, எங்க வீட்டுலயும் அந்த வெளக்கு நின்னுதான் எரியுது."

இஸ்தோப்பு வெளிச்சத்தில் வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே ஒரே ஒரு துண்டு, 2 ஜீபீ. அதற்குப் பக்கத்து ஸ்லொட் காலியாக இருந்தது.